செவத்தியின் எலும்புகள்

வெள்ளைப்பொட்டல் ஊருக்குச் செவத்தி வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். மலைக்குகையின் வாயிலிருந்து, வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வலது காலை இழுத்து இழுத்து நடந்து வந்து, பேராச்சி சல்லடையில் சேறு அலசிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, தன் தாடையைத் தானே தடவித் தடவிப் பார்த்துக்கொண்டாள். உடம்பெல்லாம் செம்பட்டை மயிர், முழங்காலைத் தாண்டும் கை, வால் கிடையாது. இடது கை மட்டும் ஈரத்துணி மாதிரி தோளிலிருந்து தொங்கியது. பேராச்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள், சல்லடையைக் கீழே வைத்தாள், கையை உதறிக்கொண்டு கூடாரத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"டாக்டரம்மா, நீங்க நேத்துக் கழுவி முடிச்ச தாடைக்குச் சொந்தக்காரி வந்துருக்கா."

டாக்டரம்மா என்று ஊர் கூப்பிட்ட எஸ்தர் ஞானமணி மருந்து எழுதும் டாக்டர் அல்ல. பாளையங்கோட்டையில் பிறந்து, சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருபத்தெட்டு வருஷமாகப் பழைய மிருகங்களின் பல்லையும் எலும்பையும் படித்துக்கொண்டிருந்தவள், ஐம்பத்தாறு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர்க்காரர்கள் பொடவு என்று சொல்லும் அந்தச் சுண்ணாம்புக் குகைக்குள் அடைந்து கிடந்த செம்மண்ணில் கல்லாகிப்போன பற்கள் கிடைக்கின்றன என்று கேள்விப்பட்டு அவள் கூடாரம் போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. மண்ணை வெட்டி, தொட்டித் தண்ணீரில் அலசி, சல்லடையில் தங்குவதை வெயிலில் உலர்த்தி, ஊரின் பன்னிரண்டு பெண்கள் விரல் நுனியால் பிரித்துப் பிரித்து அவளுக்குக் கொடுத்ததில் கழுதைப்புலியின் பல் இருந்தது, முள்ளம்பன்றியின் பல் இருந்தது, காலுக்கு மூன்று விரல் வைத்திருந்த ஒரு சின்னக் குதிரையின் குளம்பு இருந்தது. எல்லாம் தொண்ணூறு லட்சம் வருஷம் பழையது என்று அவள் சொன்னபோது, அவ்வளவு நாளா இந்த மண்ணு சும்மாவா கெடந்துது என்று பெண்கள் வருத்தப்பட்டார்கள். அப்புறம் ஒருநாள் ஒரு தாடை கிடைத்தது. பாறையோடு பாறையாக ஒட்டியிருந்த அதை எஸ்தர் எட்டு மாதம் ஊசியால் கீறியும், நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கழுவியும் விடுவித்து, வாலில்லாக் குரங்கு, பெண், நடுவயது என்று நோட்டில் எழுதி, திங்கள்கிழமை சாயங்காலம் பஞ்சு விரித்து வைத்துவிட்டு, மறுநாள் காலை காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் பேராச்சியின் குரல் கேட்டது.

எஸ்தர் தொட்டியடிக்கு வந்து, முட்டிவலியோடு கீழே உட்கார்ந்து, வந்திருந்தவளின் உதட்டை மெல்ல விலக்கிப் பார்த்தாள். கீழ்க் கடைவாய்ப் பல்லின் ஓரத்தில் அரிசிமுனை அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தது. எட்டு மாதம் பார்த்த சில்லு. எழுந்துபோய் நோட்டை எடுத்து, "செவ்வாய், 10.40. வந்தாள்" என்று எழுதினாள். பேராச்சி தன் தூக்குச்சட்டியிலிருந்து பழைய சோற்றை ஒரு கும்பாவில் போட்டு அவள் முன்னால் வைத்தாள்.

பொடவிலிருந்து எழுந்து வந்தவள் அவள் ஒருத்திதான். குதிரை வரவில்லை. கழுதைப்புலி வராததில் ஆடு வைத்திருந்தவர்களுக்கு நிம்மதி. ஒரு வாரம் பட்டிக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்துவிட்டு, அது வராது என்று தெரிந்ததும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

செவத்தி என்று பெயர் வைத்தது பேராச்சி. பெயர் வைத்த பிறகு ஊருக்கு ஆயிரம் வேலை இருந்தது. வெள்ளைப்பொட்டலில் மூன்று தெரு, மூன்று தெருவும் ஒன்றுக்கொன்று தண்ணீர்க் குழாயடியில்கூட முகம் கொடுத்துப் பேசாது; இவள் எந்தத் தெரு ஆள் என்ற கேள்வி வந்தபோது, மேலத்தெருக்காரர்கள் நடையைப் பார்த்தாலே எங்க பக்கம் என்றார்கள், கீழத்தெருக்காரர்கள் அந்த நெற்றி எங்களுக்குத்தான் உண்டு என்றார்கள், கோயில்தெருவில் ஒருவர் தன் செத்துப்போன சித்தியின் ஜாடை அப்படியே இருக்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊராட்சித் தலைவர் சங்கிலிபூதத்தான் மூன்று பக்கத்தையும் கேட்டுவிட்டு, பொடவைத் தனி வீடாகக் கணக்கில் எடுத்து, அவளை நான்காவது வார்டில் சேர்த்தார். கிராம நர்ஸ் அவளை ஏற்றி எடை பார்த்ததில் முப்பத்தெட்டு கிலோ வந்தது. கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் கம்மியாக இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தாள், செவத்தி அதைத் துப்பினாள், ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் துப்புகிறார்கள் என்று நர்ஸ் எழுதிக்கொண்டாள். பீடி சுற்றும் பெண்களுக்கு நடுவில் அவள் போய் உட்காருவாள், யாருடைய தலையையாவது மடியில் இழுத்துப் போட்டுப் பேன் பார்ப்பாள். அவள் பார்த்துவிட்ட தலையில் ஒரு மாதத்துக்குப் பேன் இருக்காது. அந்த மடிக்காக மூன்று தெருப் பெண்களும் ஒரே மரத்தடியில் வரிசையில் உட்காரவேண்டி வந்தது, வரிசையில் சும்மா உட்கார முடியாமல் பேசவேண்டி வந்தது.

அவள் வந்து ஆறு வாரம் கழித்து, பேராச்சியின் சல்லடையில் புளியங்கொட்டை அளவுக்கு ஓர் எலும்பு தங்கியது. மணிக்கட்டு எலும்பு, இடது கை, அதே பெண் என்றாள் எஸ்தர். அன்று மத்தியானம் செவத்தி இடது கையின் இரண்டு விரலை அசைத்தாள். அசைத்துவிட்டு, அது தன் விரல்தானா என்பதுபோல் முகத்துக்கு நேரே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவ்வளவுதான், ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. மறுநாள் பீடிப் பெண்கள் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு மலைக்கு வந்தார்கள். பள்ளிக்கூட ஆசிரியை பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்தாள். காட்டுவேலைக்குப் போனவர்கள் திரும்பும் வழியில் ஒரு கூடை மண்ணாவது அலசிவிட்டே வீட்டுக்குப் போனார்கள். ஒருவரும் கூலி கேட்கவில்லை. உலகத்தில் எந்த ஆராய்ச்சியாளருக்கும் அப்படி ஒரு கூட்டம் அமைந்ததில்லை என்று எஸ்தருக்குத் தோன்றியது. ஆடி மாதத்தில் முன்கை எலும்பு கிடைத்து அவள் கையை மடக்கினாள், ஆவணியில் தோள் எலும்பு கிடைத்து முருங்கைக் கிளையைப் பிடித்துத் தொங்கினாள், அவள் தொங்கியதைப் பார்த்து ஊர் கைதட்டியது, கட்டைவிரல் கிடைத்த அன்று தேங்காய் உடைத்தார்கள். ஒவ்வொரு எலும்புக்கும் எண் எழுதி, பஞ்சில் பொதிந்து, இரும்பு டிரங்குப் பெட்டியில் வைத்தாள் எஸ்தர்.

புரட்டாசியில் தொடை எலும்பு வந்தது. அதைக் கையில் வாங்கிய எஸ்தர் அதன் நடுவில் புடைத்திருந்த இடத்தில் விரலை நிறுத்தினாள்.

"என்னம்மா, ஒடஞ்சிட்டா?" என்று பயந்துபோய்க் கேட்டாள் பேராச்சி.

"நம்ம ஒடைக்கல. அவ உயிரோட இருக்கும்போதே ஒடஞ்சது. இந்தா பாருங்க, இந்த முண்டு. ஒடஞ்சு, கோணலாச் சேர்ந்து, பொறவு நல்லா கெட்டிப்பட்டிருக்கு. இதுக்கு ஆறு மாசமாவது ஆயிருக்கும்."

"அந்த ஆறு மாசமும் மரமேற முடிஞ்சிருக்காதே. பின்ன எப்படித் தின்னா?"

"யாரோ குடுத்திருக்காங்க."

பேராச்சி அந்த எலும்பின் முண்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். "எந்த மகராசன் பெத்த பிள்ளையோ" என்றாள்.

அன்றிலிருந்து செவத்தி காலை இழுக்கவில்லை; தாங்கித் தாங்கி நடந்தாள், அவ்வளவே. எஸ்தர் அந்தத் தொடை எலும்பை எக்ஸ்ரே எடுப்பதற்காக ஒருநாள் திருநெல்வேலிக்கு பஸ்ஸில் கொண்டுபோனாள். பஸ் கிளம்பியதும் செவத்தி பின்னாலேயே ஓடினாள், மூன்றாவது மைலில் வலது கால் மடங்கி ரோட்டோரம் விழுந்தாள், சாயங்கால பஸ் அந்த இடத்துக்குத் திரும்பி வருகிறவரை அவளால் எழ முடியவில்லை. ஊர்க்காரர்கள் குடை பிடித்துக்கொண்டு அவளைச் சுற்றி நின்றிருந்தார்கள். இறங்கி ஓடிவந்த எஸ்தரை அன்று யாரும் திட்டவில்லை. திட்டாமல் இருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு செவத்திக்கு ஒரு வழக்கம் வந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பொடவின் கடைசிக்குப் போவாள். அங்கே தண்ணீர் சொட்டிச் சொட்டி உறைந்துபோன வெள்ளைப் பாறைத் திரை ஒன்று சுவரோடு சுவராக நின்றது, அதை நகத்தால் சுரண்டுவாள். வெயில் சாய்கிறவரை சுரண்டுவாள். கூப்பிட்டால் வரமாட்டாள்.

"அவ பிள்ளையத் தேடுதா" என்றாள் பேராச்சி. அவளுடைய ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தாள், பொங்கலுக்குப் பொங்கல்தான் வருவாள். பேராச்சிக்கு இந்த விஷயத்தில் சந்தேகமே கிடையாது. "அந்தத் தெரைக்கு அங்கிட்டு அவ பிள்ள இருக்கு. ஒடைப்பம்மா."

"அது நமக்கு அனுமதி குடுத்த எடத்துக்கு வெளிய இருக்கு பேராச்சி. அனுமதிக்கு வெளிய ஒரு கரண்டி மண்ணெடுத்தாலும், இதுவரைக்கும் எடுத்ததையெல்லாம் நம்ப மாட்டாங்க. என் இருபத்தெட்டு வருஷமும் போயிரும்."

"உங்களுக்குப் படிப்பு. அவளுக்குப் பிள்ள."

எஸ்தர் கூடாரத்துக்குப் போய்க் காகிதத்தை எடுத்தாள். அனுமதி கேட்டுச் சென்னைக்கு எழுதினாள். பதில் மூன்று வாரத்தில் வந்தது; வேறு இடம் தோண்ட அனுமதி இல்லை, அகழ்வு மார்கழியோடு முடிகிறது, இதுவரை கிடைத்த எலும்புகள் அனைத்தையும் பெட்டியில் கட்டித் தயாராக வைக்கவும், வேன் வரும். கடிதத்தைத் தொட்டியடியில் அவள் வாசித்துக் காட்டியபோது சல்லடைகள் நின்றன. மூன்று மைலுக்கே விழுந்தவள் நானூறு மைலுக்கு என்ன ஆவாள் என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் எஸ்தர் பொடவுக்குள் தனியாகப் போனாள். வெள்ளைத் திரையில் சிவப்பாகக் கோடு கோடாக இருந்தது. செவத்தியின் நகங்கள் பிய்ந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. எஸ்தர் அவளை உட்காரவைத்து, ஒவ்வொரு விரலாகக் கழுவி மருந்து போட்டாள். செவத்தி வலியில் பல்லைக் காட்டினாளே தவிர கையை இழுத்துக்கொள்ளவில்லை. எல்லா விரலும் முடிந்ததும் அவள் எஸ்தரின் கையைப் பிடித்து, அதை விரித்து, பாறையின்மேல் வைத்து, அழுத்தினாள்.

எஸ்தர் வெளியே வந்து, "சுத்தியல எடுங்க" என்றாள்.

பதினோரு நாள் உடைத்தார்கள். திரைக்குப் பின்னால் ஓர் ஆள் படுக்கும் அளவுக்குச் செம்மண் திட்டு இருந்தது. பேராச்சி மண்ணைத் தென்னங்குச்சியால் தள்ளித் தள்ளி, பச்சைப்பிள்ளையின் தாடை எவ்வளவு இருக்கும் என்று மனசுக்குள் அளவு வைத்துக்கொண்டு, மடியில் பழைய சேலைத் துணியை மடித்து விரித்து வைத்துக்கொண்டு தேடினாள். கிடைத்த தாடை அந்தத் துணியில் கொள்ளவில்லை. பெரியது, ஆண், ஒரு பல்கூட இல்லை.

"பிள்ள இல்லியா?" என்றாள் பேராச்சி. மடியில் விரித்திருந்த துணியைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல. வயசான ஆளு." எஸ்தர் தாடையைக் கைவிளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "பல்லெல்லாம் உயிரோட இருக்கும்போதே விழுந்திருக்கு. பல்லு இருந்த குழியெல்லாம் எப்படி மூடிக்கெடக்கு பாருங்க. பல்லு போனப்புறமும் நாலஞ்சு வருஷம் இருந்திருக்காரு."

"காட்டுல பல்லில்லாம நாலு வருஷமா? என்னத்த மெல்லுவாரு?"

எஸ்தர் சொல்ல வாயெடுப்பதற்குள் பேராச்சிக்கே புரிந்துவிட்டது. இரண்டு பேரும் திரும்பிச் செவத்தியைப் பார்த்தார்கள். அவள் அந்தத் தாடையின் பொக்கை விளிம்பில் மூக்கை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மோந்தபடி இருந்தாள். அவள் கால் ஒடிந்து கிடந்த ஆறு மாதம் கொடுத்தவர் இவராகவும் இருக்கலாம் என்று எஸ்தர் நினைத்தாள். ஆனால் எலும்பு அதைச் சொல்லவில்லை, அதனால் அவளும் சொல்லவில்லை.

ஒரு வாரம் ஊசியும் அமிலமும் ஓயவில்லை. தாடை சுத்தமான மறுநாள் காலை எட்டு மணிக்கு, செவத்தியின் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, மயிர் நரைத்த, கண் மங்கிய ஒருவர் பொடவிலிருந்து வெளியே வந்தார். அவரைப் பார்த்ததும் சங்கிலிபூதத்தான் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவருக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. பெரியவர் என்றே சொன்னார்கள். மூன்று தெருவிலிருந்தும் மூன்று சட்டி கஞ்சி வந்தது. பெரியவர் மூன்றையும் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். செவத்தி ஒரு கொய்யாக்காயைக் கடித்து, நன்றாக மென்று, உள்ளங்கையில் எடுத்து நீட்டியபோதுதான் வாயைத் திறந்தார்.

மார்கழி இருபதாம் தேதி வேன் வந்தது. வேனோடு ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர் மதனகோபாலும் வந்தார். நல்ல மனிதர், கறாரானவர், தேய்த்த சட்டை. ஊர் மொத்தமும் மலையடியில் நின்றது. சங்கிலிபூதத்தான் கிராமசபைத் தீர்மானத்தை உரக்க வாசித்தார்: நான்காவது வார்டைச் சேர்ந்த செவத்தி, பெரியவர் ஆகிய இருவரின் எலும்புகள் அந்த இருவருக்கே சொந்தம், அவர்கள் சம்மதமில்லாமல் யாரும் எடுக்கக்கூடாது.

"என்ன மேடம் இது?" என்றார் இயக்குநர். "இதெல்லாம் அரசாங்கச் சொத்து. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். அனுமதிக்கு வெளிய தோண்டினதும் நான்தான். அதுக்கு எழுதிக் குடுத்துட்டேன், இந்தாங்க." எஸ்தர் கடிதத்தை நீட்டினாள். "பெட்டிய நான் மறிக்கல. எடுத்துக்கோங்க. ஏத்தும்போது அவங்களைப் பாத்துக்கிட்டே ஏத்துங்க, அது போதும்."

டிரங்குப் பெட்டியை இரண்டு பேர் தூக்கி வேனில் வைத்தார்கள். செவத்தி எழுந்தாள். வேன்வரை தாங்கித் தாங்கி நடந்து, பெட்டிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, பெரியவரைப் பார்த்துக் கையை நீட்டினாள். பெரியவர் இரண்டு அடி வைத்தார். படி உயரமாக இருந்தது. அவரால் ஏற முடியவில்லை. செவத்தி இறங்கி வந்து அவரைத் தூக்கப் பார்த்தாள், தூக்க முடியவில்லை. திரும்ப ஏறினாள், திரும்பக் கையை நீட்டினாள். நாலு தடவை இப்படி நடந்தது. ஐந்தாவது தடவை அவள் ஏறவில்லை. பெரியவரை நிழலில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, வேனைப் பார்க்காமல், அவர் முதுகில் ஒட்டியிருந்த தும்பு தூசியைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். பெட்டியோடு வேன் இருபதடி நகர்ந்தது. இயக்குநர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவரும் முப்பது வருஷம் எலும்பு படித்தவர்தான்.

"நிறுத்துப்பா" என்றார். பிறகு பேராச்சியைப் பார்த்து, "ஒரு நாற்காலி கிடைக்குமா?" என்று கேட்டார்.

அவர் மூன்று நாள் இருந்தார். முதல் நாள் நோட்டில் எழுதினார், இரண்டாம் நாள் எழுதவில்லை, மூன்றாம் நாள் செவத்தி அவருடைய தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மனைவி போன பிறகு ஏழு வருஷமாக யாரும் தொடாத தலை அது. பேன் ஒன்றும் அகப்படவில்லை, இருந்தாலும் அவள் அவசரப்படாமல் முழுவதும் பார்த்தாள், அவர் தூங்கிப்போனார். எழுந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வேனிலேயே உட்கார்ந்து அறிக்கை எழுதினார். அது ஒரே வரி. "கண்டெடுக்கப்பட்டவை பயணத்துக்கு ஏற்ற நிலையில் இல்லை, இருக்கும் இடத்திலேயே வைத்துப் படிக்கவும்." எஸ்தரின் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அது அந்தச் சட்டையோடு வெளுக்கப் போய்விட்டது என்று பின்னால் கேட்டபோது சொன்னார்.

பெரியவர் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இருந்தார். ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானம், செவத்தியின் தோளில் சாய்ந்தபடி, வாயில் மென்று கொடுத்த பாதிக் கொய்யாவோடு போனார். மூன்று தெருவும் சேர்ந்து தூக்கியது. அவருடைய தாடை டிரங்குப் பெட்டிக்குள் எண்ணோடு பத்திரமாக இருக்க, தாடையோடு முழுசாக அவரை மலையடியில் அடக்கம் செய்தார்கள், எப்படி இரண்டு இடத்தில் ஒருவர் இருக்க முடியும் என்று கேட்ட ஆசிரியையிடம், "எங்க வீட்டு ஆளு துபாய்லயும் இருக்காரு, என் மனசுலயும் இருக்காருல்லா?" என்றாள் ஒரு பீடிக்காரி. செவத்தி பதினாறு நாள் சாப்பிடவில்லை. பேராச்சி வேலைக்குப் போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, திருப்பூர் மகளைப் பற்றி, மகளுக்குப் பிறந்த பிள்ளையைப் பற்றி, மருமகனின் குறட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். பதினேழாம் நாள் செவத்தி ஒரு வாழைப்பழம் தின்றாள். ஆனால் அதற்குப் பிறகும் எதையாவது மென்றால் பாதியில் நிறுத்தி, உள்ளங்கையில் எடுத்து, சுற்றுமுற்றும் பார்த்து, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருப்பாள். அதை மட்டும் ஊரால் பார்க்க முடியவில்லை.

எஸ்தர் ஓய்வு பெற்று, சென்னைக்குப் போகாமல் கோயில்தெருவில் ஒரு வீடு பிடித்துக்கொண்டாள். தை மாதம் அவளுக்குப் பல்வலி வந்தது. பாளையங்கோட்டைக்குப் போய்க் கீழ்க் கடைவாய்ப் பல் இரண்டைப் பிடுங்கிக்கொண்டு, ஒரு பக்கம் கன்னம் வீங்கி, வாய்க்குள் பஞ்சு வைத்து, தொட்டியடிக்கு வந்து உட்கார்ந்தாள். அன்று பெண்கள் பனங்கிழங்கு அவித்துக் கொண்டுவந்திருந்தார்கள். எஸ்தர் வேண்டாம் என்று கையாட்டினாள்.

செவத்தி எழுந்து வந்தாள். எஸ்தருக்கு எதிரே உட்கார்ந்து, அவள் உதட்டை மெல்ல விலக்கி, உள்ளே பார்த்தாள். பல் போன குழியை நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு பனங்கிழங்கை எடுத்து, தோலை உரித்து, நாரை இழுத்து, நடுக்குருத்தைத் தள்ளிவிட்டு, கடித்து, நிதானமாக மென்றாள். மென்றதை உள்ளங்கையில் எடுத்து நீட்டினாள்.

தொட்டியைச் சுற்றியிருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன. எஸ்தர் ஞானமணி, கொதித்து ஆறிய தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் குடிக்காதவள், பக்கத்துவீட்டுக் கல்யாணத்துக்கே சொந்த டம்ளர் கொண்டுபோகிறவள், அந்த உள்ளங்கையைப் பார்த்தாள், அந்த முகத்தைப் பார்த்தாள், வாயிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, வாயைத் திறந்தாள்.

அவள் விழுங்கியது தெரிந்த பிறகு பேராச்சிதான் கேட்டாள்.

"உப்பு போதுமாம்மா?"

"போதும்" என்றாள் எஸ்தர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்லா அவிஞ்சிருக்கு."

செவத்தி அடுத்த கிழங்கை உரிக்கத் தொடங்கினாள்.